ஜூனில் பள்ளி திறக்கும் முன்: நோட்டு, சீருடை, பை, ஷூ செலவைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்காகப் பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்துக் கட்டினேன். கட்டும்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். இருபத்து நான்கு நோட்டுகளில் ஒன்பதில் பத்துப் பக்கம்கூட எழுதவில்லை. ஒரு நோட்டில் பெயரும் வகுப்பும் மட்டும் இருந்தன. அந்த இருபத்து நான்கையும் முந்தைய மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தில் இடிபட்டு, பள்ளி கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முழு விலை கொடுத்து வாங்கியவன் நான். அதைக் கிலோ கணக்கில் எடைக்குப் போட மனசு வரவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பள்ளிச் செலவு வேறு மாதிரி நடக்கிறது. கடையில் பேரம் பேசி மிச்சமாவது கொஞ்சம்தான். கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்யும் வேலையிலும், எந்தப் பொருளை எந்த மாதத்தில் வாங்குகிறோம் என்பதிலும்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தேர்வு முடிந்த வாரமே பையைக் கொட்டுங்கள்

கடைசித் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் பையை ஒரு மூலையில் வீசுவார்கள். ஜூன் வரை அது அங்கேயே கிடக்கும். அப்படிக் கிடக்க விடாதீர்கள். இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, பிள்ளைகளையும் உட்கார வைத்து, பையைத் தரையில் தலைகீழாகக் கொட்டுங்கள். மேசை இழுப்பறை, அலமாரி மேல்தட்டு, ஷூ ஸ்டாண்டு எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: அப்படியே பயன்படும், சரிசெய்தால் போதும், புதிதாக வேண்டும். எங்கள் வீட்டில் முதல் முறை இதைச் செய்தபோது ஏழு ரப்பர், நான்கு ஷார்ப்னர், ஒன்றரை டப்பா கலர் பென்சில், காம்பஸ் மட்டும் தொலைந்துபோன இரண்டு ஜாமெட்ரி பாக்ஸ் கிடைத்தன. காம்பஸ் தனியாகவே விற்கிறது. அது தெரியாமல் வருடத்துக்கு ஒரு முழுப் பெட்டி வாங்கிக்கொண்டிருந்தோம்.

சீருடையைப் போட்டுப் பார்ப்பதையும் அன்றே செய்துவிடுங்கள். ஆனால் அளவு மட்டும் அன்று முடிவு செய்ய வேண்டாம். விடுமுறையில் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். ‘இது நிச்சயம் ஆகாது’ என்பதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்.

2. எழுதாத பக்கங்களை நோட்டாக்குங்கள்

இதற்குப் பணமே செலவில்லை. பாதி எழுதிய நோட்டுகளின் பின்னை நெம்பி எடுங்கள். எழுதாத தாள்களை மட்டும் உருவி, கோடு போட்டது, கோடு போடாதது, கட்டம் போட்டது என்று பிரியுங்கள். நடுவில் மடிந்த தாள்கள் என்பதால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாலே நோட்டு போல வந்துவிடும். ஐம்பது, அறுபது பக்கத்துக்கு மேல் போனால் முன்பக்கம் புடைக்கும், அதனால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடு மடிப்பில் மூன்று துளை போட்டு, கோணி ஊசியில் கெட்டி நூலைக் கோத்துத் தைத்து முடிச்சுப் போட வேண்டியதுதான். பழைய தினசரிக் காலண்டரின் அட்டை மேலட்டையாகும்.

கையால் தைக்க நேரமில்லை என்றால் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே பைண்டிங் செய்பவர் இருப்பார். நான்கைந்து நோட்டுத் தாள்களைச் சேர்த்து ஒரே கெட்டி அட்டை நோட்டாகப் போட்டுத் தருவார். கணக்குப் போட்டுப் பார்க்க, வீட்டில் டிக்டேஷன் எழுத, டியூஷனுக்கு என்று ரஃப் நோட்டு செலவு முழுவதும் இதிலேயே முடிந்துவிடும். பள்ளியில் திருத்தக் கொடுக்கும் நோட்டுக்கு மட்டும் புதியது வாங்குங்கள். அதில் சிக்கனம் பார்த்தால் வகுப்பில் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். பிள்ளை கூச்சப்படும் இடத்தில் நான் காசை மிச்சம் பிடிப்பதில்லை.

3. பள்ளிப் பட்டியலை அப்படியே வாங்காதீர்கள்

தனியார் பள்ளிப் பட்டியல்களில் பெரும்பாலும் வருடம் முழுவதற்கும் வேண்டியதை ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். பாடத்துக்கு இரண்டு, வகுப்புக்கு ஒன்று வீட்டுப்பாடத்துக்கு ஒன்று. கலை, பொது அறிவு, நன்னெறி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு. எங்கள் வீட்டில் வீணான ஒன்பது நோட்டும் இந்தக் கடைசி வகைதான்.

போன வருடம் அதே வகுப்பில் படித்த பிள்ளையின் வீட்டில் ஐந்து நிமிடம் பேசினால், எந்த நோட்டு நிஜமாக நிரம்புகிறது, எது தொடப்படாமலே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். நிரம்பும் நோட்டுகளை மட்டும் முதலில் வாங்குங்கள். மற்றவற்றுக்கு, ‘வகுப்பு தொடங்கிய பிறகு தேவைப்பட்டால் வாங்கிக் கொடுத்தால் போதுமா மேடம்?’ என்று வகுப்பு ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். நான் கேட்டவரை பெரும்பாலான ஆசிரியர்கள் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

நோட்டு, புத்தகம், சீருடை எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் பள்ளியிலேயே கட்டச் சொன்னால், பொருள் வாரியாக விலைப் பட்டியலும் ரசீதும் கேட்டு வாங்குங்கள். பள்ளிச் சின்னம் அச்சிட்ட டை, பெல்ட், பேட்ஜ் வெளியில் கிடைக்காது. அதைப் பள்ளியில் வாங்கலாம். சாதாரண நோட்டையும் வெள்ளை சாக்ஸையும் அங்கேதான் வாங்க வேண்டும் என்றால் காரணம் கேட்பதில் தவறில்லை. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பெற்றோர் சேர்ந்து போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. பணத்தைப் பற்றிக் கேட்பதால் பிள்ளைக்குப் பிரச்சினை வருமோ என்ற பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது.

4. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் கொஞ்சம் பொறுங்கள்

இந்தப் பள்ளிகளில் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, கலர் பென்சில், ஜாமெட்ரி பெட்டி, வரைபடப் புத்தகம் என்று வகுப்புக்கு ஏற்றபடி விலையில்லாமல் தருகிறார்கள். சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் சீருடை. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள். எல்லாம் முதல் நாளே கைக்கு வராது. புத்தகமும் நோட்டும் முதலில் வரும், சீருடை தவணை தவணையாக வரும். அதனால் திறக்கும் நாளுக்குப் போன வருட உடையிலேயே அனுப்பிவிட்டு, எது எப்போது வருகிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு மீதியை வாங்குங்கள். ‘எல்லாப் பிள்ளையும் புதுசாக வரும்’ என்று நினைத்து மே மாதமே கடன் வாங்கி இரண்டு செட் தைத்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்த மாதமே பள்ளியில் இரண்டு செட் கொடுத்தார்கள்.

கொடுத்த சீருடை தொளதொளவென்று இருந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். பக்கவாட்டில் பிடித்துத் தைக்கத் தையல்காரர் வாங்கும் கூலி, புதுத் துணி விலையில் ஒரு சிறு பங்குதான். பிடிக்கும்போது துணியை வெட்ட வேண்டாம், உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பிரித்துவிடலாம்.

அரசுப் பேருந்தில் மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டு. புதிய பஸ் பாஸ் வரும்வரை சீருடையோ பழைய பாஸோ இருந்தால் போதும் என்று வருடாவருடம் அறிவிப்பு வருவது வழக்கம். அதைப் பார்த்துக்கொண்டால் ஜூன் மாத டிக்கெட் காசும் மிச்சம்.

5. பாடப்புத்தகம்: பாதி விலைக்கு, ஆனால் பதிப்பைப் பார்த்து

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அடுத்த வகுப்புக்குப் போகும் பிள்ளையிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்குவது நம் ஊரில் காலங்காலமாக இருக்கும் வழக்கம். நான் படித்ததும் பெரும்பாலும் எதிர்வீட்டு அண்ணனின் புத்தகத்தில்தான். அவர் அடிக்கோடு போட்டிருந்த இடங்களெல்லாம் எனக்கு இலவச டியூஷன். அந்த வழக்கத்தை நம் பிள்ளைகளிடமும் தொடரலாம். குடியிருப்பில், தெருவில், பள்ளி வேன் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஏப்ரல் கடைசியிலேயே ஒரு செய்தி போடுங்கள்: என்ன வகுப்புப் புத்தகம் வேண்டும், என்ன வகுப்புப் புத்தகம் தர இருக்கிறது என்று இரண்டையும். மே கடைசியில் போட்டால் எல்லாம் கைமாறியிருக்கும்.

வாங்கும் முன் முதல் பக்கத்தைத் திருப்பிப் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். மத்தியப் பாடத்திட்டத்துக்கான என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் என்றால் இது மிக முக்கியம். 1, 2-ஆம் வகுப்புகளுக்கு 2023-லும், 3, 6-ஆம் வகுப்புகளுக்கு 2024-லும், 4, 5, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு 2025-லும் புதிய புத்தகங்கள் வந்துவிட்டன. அதற்கு முந்தைய புத்தகத்தைக் கால் விலைக்குக் கொடுத்தாலும் பயனில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளின் புத்தகங்கள் 2018-19-லும் மற்ற வகுப்புகளுடையவை அதற்கடுத்த கல்வியாண்டிலும் மாறின. அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்திருக்கின்றன. உங்கள் பள்ளி இந்த வருடம் எதைப் பயன்படுத்துகிறது என்று கேட்டுவிட்டே பழையதை வாங்குங்கள். கீழ் வகுப்புகளில் பருவ வாரியாகப் புத்தகம் வருகிறது, மூன்றும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்திலும் என்.சி.இ.ஆர்.டி. இணையதளத்திலும் எல்லாப் பாடநூல்களும் பிடிஎஃப் ஆகக் காசில்லாமல் கிடைக்கின்றன. புத்தகம் முழுவதையும் பிரிண்ட் எடுக்காதீர்கள், அச்சுப் புத்தகத்தைவிட அதிகம் ஆகிவிடும். கிழிந்துபோன பாடத்தை மட்டும் எடுத்து ஒட்டிக்கொள்ள இது நல்ல வழி. ‘வீட்டில் ஒரு செட், பள்ளியில் ஒரு செட்’ என்று இரண்டு வாங்குபவர்கள், வீட்டுச் செட்டுக்குப் பதிலாக பிடிஎஃப் வைத்துக்கொள்ளலாம்.

வழிகாட்டி நூல்களும் மேல்நிலை வகுப்புப் புத்தகங்களும் வேண்டுமென்றால் சென்னையில் திருவல்லிக்கேணி, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள், கோவையில் உக்கடம் கடைகள் இருக்கின்றன. நோட்ஸ் நூல்களை முதல் மாதமே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் இடைத்தேர்வு வரை பாடநூலோடு பிள்ளை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

6. நோட்டு வாங்கும்போது பக்கக் கணக்கு போடுங்கள்

நோட்டு விலையை நோட்டுக்கு நோட்டு ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். பக்கத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கடையில் 160 பக்க நோட்டு 50 ரூபாய், இன்னொரு கடையில் 120 பக்க நோட்டு 40 ரூபாய் என்று வையுங்கள். விலை குறைவாகத் தெரியும் இரண்டாவதில்தான் பக்கத்துக்கு 33 பைசா. முதலாவதில் 31 பைசா. இருபது நோட்டு வாங்கும்போது இது தெரியும். சில நோட்டுகளில் அச்சிட்ட உள்ளட்டையும் பொருளடக்கத் தாளும் சேர்த்துத்தான் பக்க எண்ணிக்கை. பின்னட்டையில் சின்ன எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள். அளவும் கவனம்: லாங் சைஸ், கிங் சைஸ், சாதா சைஸ் மூன்றையும் பக்க எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

அதற்காகப் பக்கத்துக்கு மலிவு என்று எல்லாவற்றையும் தடித்த நோட்டாக வாங்கிவிடாதீர்கள். ஓவியம், நன்னெறிக்கு 40 பக்கமே போதும். பாரமும் இருக்கிறது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 6, 7-ஆம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோதான். பாடத்துக்கு ஒரு மெல்லிய நோட்டு, முடிந்ததும் அடுத்தது என்று போனால் முதுகுக்கும் நல்லது, பையும் கிழியாது.

தாள் தரத்தைப் பார்க்க நான் செய்வது ஒன்றுதான். ஒரே ஒரு நோட்டு வாங்கி வந்து, பிள்ளை எழுதும் பேனாவாலேயே ஒரு பக்கம் எழுதிப் பார்ப்போம். இங்க் பேனாவில் எழுதச் சொல்லும் பள்ளிகள் நிறைய. மலிவுத் தாளில் மை பின்பக்கம் ஊறினால் ஒரு பக்கம்தான் எழுத முடியும், பாதி விலையில் வாங்கியது முழு விலை ஆகிவிடும். தேறினால் மறுநாள் போய் மொத்தமாக வாங்குவோம்.

மொத்தமாக என்று சொன்னேன். இதற்குத் தனியாகப் போகாதீர்கள். மூன்று, நான்கு குடும்பங்கள் சேர்ந்து தேவையை ஒன்றாக எழுதி, ஒருவர் போய் டஜன் கணக்கில் கட்டாக வாங்கி வரட்டும். சென்னை என்றால் பாரிமுனை பக்கம் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெரு. மற்ற ஊர்களில் பெரிய கடைவீதியில் சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கு எடுக்கும் கடை எது என்று உங்கள் தெருக் கடைக்காரரிடமே கேட்கலாம். விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், சிவகாசியிலேயே நோட்டுகள் தயாராகின்றன. எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை. அதற்குக் கீழே கேட்டு வாங்குவது நம் உரிமை, கட்டாக எடுக்கும்போது தயங்காமல் கேளுங்கள். பஸ் செலவும் ஆட்டோ செலவும் மிச்சத்தைத் தின்றுவிடுமா என்று மட்டும் முதலில் கணக்குப் பாருங்கள்.

அட்டை போட பிரவுன் ஷீட் கட்டாயம் என்றால் தனித்தனித் தாளாக வாங்காமல் ரோலாக வாங்குங்கள். பள்ளி வற்புறுத்தாவிட்டால் மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அட்டை போடுங்கள். வழவழப்பான அந்தத் தாள் வருடம் முழுவதும் கிழியாது. பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

7. வரி குறைந்தது விலையில் தெரிகிறதா?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. நோட்டு, பென்சில், ஷார்ப்னர், ரப்பர், கிரேயான், வரைபடம் ஆகியவற்றுக்கு இப்போது வரியே இல்லை. முன்பு ரப்பருக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 12 சதவீதம் இருந்தது. ஜாமெட்ரி பாக்ஸுக்கு 12-லிருந்து 5. ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5 சதவீதம்தான். முன்பு ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் 12, அதற்கு மேல் 18. பேனாவுக்கும் பள்ளிப் பைக்கும் 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆக, பழைய இருப்பு நோட்டில் பழைய எம்.ஆர்.பி. அச்சாகியிருந்தால், ‘வரி போனதைக் கழித்துத்தானே போடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். ரசீது வாங்கினால் வரி போட்டிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

8. சீருடை

முதல் விதி: ஜூனில் இரண்டு செட் போதும். பிள்ளைகள் எந்த மாதத்தில் வளர்வார்கள் என்று சொல்ல முடியாது. நான்கு செட் எடுத்தால் நான்கும் ஒரே நாளில் குட்டையாகும். மழைக்காலத்தில் துணி காயாத கவலை இருப்பவர்கள் மூன்றாவதை அக்டோபர் அளவில், அப்போதைய அளவுக்கு எடுங்கள்.

தைப்பதா, ரெடிமேடா? ஒரு பிள்ளை என்றால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. அக்கா தங்கை இருவர் ஒரே பள்ளி என்றால் துணியாக எடுத்துத் தைப்பதுதான் லாபம். துணி ஒரே அகலத்தில் சேர்த்து வெட்டும்போது மிச்சமாகும், பெரியவளுடையது பிறகு சின்னவளுக்குப் பிரித்துத் தைக்க உதவும். தையல்காரரிடம் மே கடைசி வாரம் போகாதீர்கள். சித்திரையில் போனால் கூலியும் நிதானமாக இருக்கும், வேலையும் நேர்த்தியாக இருக்கும். அவரிடம் சொல்ல வேண்டியவை: பேண்டிலும் பாவாடையிலும் கீழ் மடிப்பு இரண்டு, மூன்று அங்குலம் விட வேண்டும். இடுப்பில் உள்துணி விட வேண்டும். தோள்பட்டை அளவை மட்டும் பெரிதாக வைக்க வேண்டாம், அது தொங்கினால் உடையே தொங்கும். மடிப்பை இறக்கும்போது பழைய கோடு வெளுப்பாகத் தெரியாமலிருக்க, துவைத்த சீருடையை உள்பக்கம் வெளியே வரும்படி நிழலில் காயப் போடுங்கள்.

துணியை வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைத்துக் கொடுங்கள். சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடும்.

வெள்ளைச் சட்டைதான் சீக்கிரம் கெடும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, காலரிலும் கைமடிப்பிலும் சோப்பு தேய்த்துப் பத்து நிமிடம் வைத்துத் துவைத்தால் வருடம் முழுக்க நிற்கும்.

9. ஷூவிலும் பையிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்

பிள்ளையின் உடம்போடு ஒட்டி இருக்கும் பொருள்களில் நல்லதே வாங்குங்கள். மலிவு ஷூ மூன்று மாதத்தில் வாய் பிளந்து, தீபாவளிக்கு முன் இன்னொன்று வாங்க வைக்கும். மாலையில் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்த பாதம் சற்று உப்பியிருக்கும். சாக்ஸ் போட்டு, இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நிற்க வைத்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் உங்கள் பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். ‘அடுத்த வருடமும் ஆகட்டும்’ என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் குதிகால் உரசிக் கொப்புளம் வரும், ஷூவும் மடிந்து கிழியும். அண்ணனின் பழைய ஷூவைத் தம்பிக்குக் கொடுப்பதை மட்டும் நான் செய்வதில்லை. உள்ளே அண்ணனின் கால் தடம் பதிந்திருக்கும்.

பையை வாங்கும் முன், பழையதைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். பாதிப் பைகள் ஜிப் ஓடாததால்தான் தூக்கிப் போடப்படுகின்றன. ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். பை தைப்பவரோ செருப்புத் தைப்பவரோ நின்ற நிலையில் மாற்றித் தருவார். புதியது என்றால் படத்தைப் பார்க்காமல், தோள்பட்டை வார் பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே குறுக்குத் தையல் இரட்டையாக இருக்க வேண்டும். கார்ட்டூன் படம் போட்ட பை ஒரு வருடத்தில் ‘சின்னப் பிள்ளைப் பை’ ஆகிவிடும். நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், படமில்லாததாக இருக்கட்டும்.

எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா கசிந்தால் ரப்பர் வாஷரை மாற்றுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் மூடி தனியாகக் கிடைக்கிறது. எல்லாவற்றிலும் பெயரையும் வகுப்பையும் அழியாத மையில் எழுதுங்கள். தொலைந்த பொருளை மறுபடி வாங்குவதுதான் வருடத்தின் பெரிய கண்ணுக்குத் தெரியாத செலவு.

10. மாதவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஏப்ரல் கடைசி: கணக்கெடுப்பு, பழைய புத்தகம், தையல் துணி. மே முதல் பாதி: பை, ஜிப் பழுது, நிரம்பும் என்று தெரிந்த நோட்டுகள். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்: ஷூ, சாக்ஸ். திறந்து இரண்டு வாரம் கழித்து: ஆசிரியர்கள் கேட்கும் மீதி நோட்டுகளும் கைவினைப் பொருட்களும். ஜூன் பாதிக்கு மேல் கடைகளில் கூட்டம் குறையும், மீதிச் சரக்கைத் தள்ளும் அவசரம் அவர்களுக்கு இருக்கும். அரையாண்டுக்குத் தேவையான நோட்டுகளை அப்போதே ஒரு கட்டு எடுத்து வைப்பது எங்கள் வழக்கம்.

பணத்தையும் அதேபோலப் பிரிக்க வேண்டும். போன வருடம் மொத்தம் என்ன ஆனது என்று ரசீதுகளைக் கூட்டி, பத்தால் வகுத்து, ஜூலையிலிருந்து மாதாமாதம் ஒதுக்குங்கள். வங்கி ஆர்.டி. போடலாம், குழுச் சீட்டில் ஏப்ரலில் எடுக்கும்படி சொல்லி வைக்கலாம். எங்கள் வீட்டில் கோதுமை டப்பாவுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. பணத்தோடு ஒரு தாளும் அதற்குள் கிடக்கும். எந்த நோட்டு எப்போது தீர்ந்தது, எந்த ஷூ எத்தனை மாதம் உழைத்தது, எந்தத் தாளில் மை ஊறியது என்று நினைவு வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி எழுதிவிடுவோம். ஏப்ரலில் பையைக் கொட்டும் அன்று முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான்.